சராசரியில் சாமை விளையாது

ஜவ்வாது மலை விவசாயிகள் “பருவம் தப்பிப்போச்சு” என்று சொல்வது வெறும் பிரமை, நிவாரணம் கேட்பதற்கான பீடிகை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆண்டு மொத்த மழை பெரிதாக மாறவில்லை என்பதுதான் அவர் காட்டும் ஒரே சான்று. மலை உழவைப் பற்றி அடிப்படைகூடத் தெரியாமல் எழுதப்பட்ட வாதம் இது.

புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு பக்கம் மானாவாரிச் சாமையை ஆனி, ஆடியில் விதைக்கிறார்கள். முளைத்த பயிருக்கு விட்டுவிட்டு ஈரம் கிடைக்க வேண்டும். கதிர் முற்றும்போதோ வெயில் வேண்டும். அப்போது அடைமழை பிடித்தால் தாள் சாயும், மணி கொட்டும், அறுத்துப் போட்ட கதிரும் களத்திலேயே முளைத்துவிடும். ஆடியில் பொய்த்த மழை ஐப்பசியில் சேர்த்துக் கொட்டினால் அந்தக் கட்டுரையாளரின் ஆண்டுக் கூட்டல் சரியாகிவிடும். ஆடியில் கருகியது கருகியதுதான். தப்பிப் பிழைத்ததும் களத்தில் அழுகும். சரிவில் கொட்டுகிற பேய்மழை மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பின், மலையடிவாரத் திருப்பத்தூருக்குப் பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்தது. ஓராண்டு மழையில் பாதிக்கும் மேல்! மொத்தக் கணக்கில் அது நல்ல மழை. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உழவரைப் பொய்யர் என்பது அநியாயம்.

அறிவியல் தன் பக்கம் என்கிறார். இல்லை. பி.என். கோஸ்வாமி குழுவினர் மத்திய இந்தியாவின் 1951–2000 மழைப் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள்: பருவமழையின் சராசரி அளவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை, ஆனால் கனமழை கூடியிருக்கிறது, மிதமான மழை குறைந்திருக்கிறது. அந்த முடிவை இந்த மலைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மொத்தம் மாறாவிட்டால் மழையே மாறவில்லை என்ற வாதம் அதோடு முறிந்துவிடுகிறது.

உழவர்களின் நினைவு ஏமாற்றுமாம். போன கோடையைவிட இந்தக் கோடை கடுமையா என்று கேட்டால் ஏமாற்றலாம். கடன் வாங்கி விதைத்தது முளைக்காமல், மறுபடி உழுது விதைத்த ஆண்டை எந்தக் குடும்பம் மறக்கும்?

இவ்வளவு சந்தேகம் இருந்தால் மலையில் புதூர்நாடு போன்ற ஒவ்வொரு நாட்டிலும் மழைமானி வைக்கச் சொல்லி எழுதட்டும். ஒரு சரிவில் பெய்கிற மழை அடுத்த சரிவில் பெய்யாத மலை இது. கீழே சமவெளியில் அளந்தது போதாது. விதைத்த நாளையும் அறுத்த நாளையும் உழவர்களிடம் கேட்டுக் குறித்து, மழைப் பதிவோடு ஒப்பிடட்டும். அதைச் செய்யும்வரை அவர்கள்மேல் பழி சொல்ல இவருக்கு எந்த உரிமையும் இல்லை.