கழுத்தில் தொங்கிய அட்டை

போன வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவிலேயே இருக்கும் அண்ணை ஒருவர் காலையில் வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். இரவு ஷிப்ட் முடித்து வருகிற நாட்களில் உள்ளே நுழையும்போதே தேத்தண்ணி கேட்பார். அன்று கேட்கவில்லை.

"தம்பி, என்ர பாட்ஜை நிப்பாட்டிப்போட்டாங்கள்."

லண்டனில் நம்மவர்கள் பாட்ஜ் என்றால் அது எஸ்.ஐ.ஏ. எனப்படும் பாதுகாப்புத் தொழில் அதிகாரசபை தரும் லைசன்ஸ். 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கம்பனி மூலம் காவல் வேலைக்குப் போகிற எவரும் அதை வைத்திருக்க வேண்டும். வங்கி அட்டை அளவு, மங்கலான ஒரு படம், பதினாறு இலக்க எண், மூன்று வருட ஆயுள். வேலை நேரத்தில் பிறர் கண்ணில் படும்படி அணிந்திருக்க வேண்டும். அகதியாய் வந்தவரும் படிக்க வந்த பிள்ளைகளும் இந்த நாட்டில் முதலில் கழுத்தில் மாட்டிக்கொண்டது பெரும்பாலும் இந்த அட்டையைத்தான்.

நடந்தது இதுதான். அண்ணை காவலுக்கு நின்ற சூப்பர்மார்க்கெட்டிலிருந்து இரண்டு விஸ்கிப் போத்தலோடு ஒரு பெடியன் ஓடியிருக்கிறான். இவர் கையைப் பிடிக்க, அவன் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. காயம் விளைவித்த தாக்குதல் என்று பொலிஸ் குற்றம் சாட்டியது. "வழக்குத்தானே, தீர்ப்பு வரட்டும் எண்டு இருந்திட்டன்" என்றார். அங்கேதான் பிழைத்தது. லைசன்ஸை இடைநிறுத்தத் தீர்ப்புத் தேவையில்லை. நிறுத்தாவிட்டால் பொதுமக்களுக்குத் தெளிவான ஆபத்து இருக்கலாம் என்று அதிகாரசபை நியாயமாக நம்பினால் போதும். பாரதூரமான குற்றச்சாட்டுப் பதிவாகிப் பிணையில் நிற்பவருக்குப் பெரும்பாலும் அதுதான் நடக்கும், உடனடியாக.

அறிவித்தல் இல்ஃபர்ட் வீட்டுக்குப் போயிருந்தது. அண்ணை அங்கிருந்து கிளம்பி இரண்டு வருடம். முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும் என்பது லைசன்ஸின் நிபந்தனைகளில் ஒன்று. இவர் தெரிவிக்கவில்லை. அங்கே இப்போது இருக்கிறவர்கள் வருகிற கடிதங்களையெல்லாம் கதவோரச் சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்கள். இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டைப் பார்த்துவிட்டு மனேஜர் கூப்பிட்ட பிறகே இவருக்கு விஷயம் தெரிந்தது. அன்றே ஷிப்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"இரக்கமில்லாதவன்" என்று மனேஜரைத் திட்டினார். நான் தலையாட்டவில்லை. செல்லுபடியாகாத லைசன்ஸோடு வேலை செய்கிறவருக்கு ஆறு மாதம்வரை சிறை. அப்படி ஒருவரை வேலைக்கு அனுப்புகிறவருக்கோ ஐந்து வருடம்வரை போகலாம். மனேஜருக்கும் பிள்ளைகள் இருக்குமல்லவா?

அடுத்த கிழமை ஒரு ஃபைலோடு வந்தார். கோயில் நிர்வாகசபைத் தலைவரின் கடிதம், ஊர்ச் சங்கத்தின் கடிதம், தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் வாசலில் நின்றதற்குத் தந்த நன்றிப் பத்திரம். "நான் ஆரெண்டு எல்லாருக்கும் தெரியுமே." நல்ல மனிதர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதிகாரசபையில் முதலில் பார்ப்பது வேறு: குற்றச்சாட்டு என்ன, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, ஆபத்து இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்.

வழக்கறிஞரிடம் கூட்டிப்போனேன். மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய 21 நாள் உண்டு, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழலாம் என்றார் அவர். குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போது அந்தச் சூதாட்டம் வேண்டாம், முதலில் வழக்கை முடிப்போம் என்பது அவர் ஆலோசனை. எவ்வளவு காலம் என்று அண்ணை கேட்டார். அதிகாரசபை தீர்மானிக்கும் காலம்வரை இடைநிறுத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆறு மாதம் உள்ளே போகிறவனுக்குக்கூட வெளியே வரும் திகதி தெரியும். இவருக்கு அதுவும் இல்லை.

இடையில் ஒரு வேடிக்கை. கிரீன் ஸ்ட்ரீட்டில் தெரிந்தவரின் புடவைக்கடை. அவர் அண்ணையைத் தன் சொந்தப் பணியாளாகச் சேர்த்து வாசலில் நிறுத்தினார். களவான வேலை என்று நான் பதறினேன். இல்லையாம். கம்பனி அனுப்பும் காவலாளிக்குத்தான் பாட்ஜ் கட்டாயம், கடைக்காரர் தானே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆளுக்குத் தேவையில்லை. அதே கதவு, அதே ஆள், சம்பளம் தருகிற கை மட்டும் வேறு. மான்செஸ்டர் அரீனா குண்டுவெடிப்பு பற்றிய விசாரணை 2021இல் இதே ஓட்டையை, சி.சி.டி.வி. பார்க்கும் சொந்தப் பணியாளர்கள் விஷயத்தில், சுட்டிக்காட்டி அந்த விதியை மறுபரிசீலனை செய்யும்படி பரிந்துரைத்தது. ஆபத்தானவர் என்று நிறுத்தப்பட்ட ஒருவர் சட்டப்படியே இன்னொரு வாசலில் நிற்கலாம் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை, அண்ணைக்கு அதுதான் சோறு போட்டது என்றாலும்.

மாசியில் வழக்குக் கைவிடப்பட்டது. முழு சி.சி.டி.வி. பதிவையும் பார்த்தபோது, பெடியன்தான் முதலில் போத்தலை வீசியிருந்தான். மறுநாளே பாட்ஜ் வந்துவிடும் என்று அண்ணை புதுச் சப்பாத்து வாங்கிவிட்டார். வரவில்லை. குற்றச்சாட்டு விழுந்தாலும் அந்தச் சம்பவத்தை அதிகாரசபை தனியாக எடைபோடலாம். நீதிமன்றத்தைப்போல ஐயமறத் தெளிவாக வேண்டும் என்றுகூட இல்லை, எது நடந்திருக்கச் சாத்தியம் கூட என்று பார்த்தாலே போதும்.

அப்போதுதான் வழக்கறிஞர் கேட்டார்: "அண்டைக்கு இரவு நீங்கள் ஏதும் எழுதி வச்சனீங்களா?"

எழுதி வைத்திருந்தார். காவலாளிகள் யாரும் விரும்பாத வேலை அது, ஷிப்ட் முடிவில் சம்பவப் பதிவேட்டில் எழுதுவது. 22.14க்கு ஆள் உள்ளே, 22.19க்கு வெளியே, போத்தல் வீசினது, நான் வலக் கையைப் பிடிச்சது, அம்புலன்ஸ் கூப்பிட்டது 22.21. நாலாம் வகுப்புப் பிள்ளையின் ஆங்கிலம். ஆனால் ஒவ்வொரு நிமிடமும் சி.சி.டி.வி.யோடு பொருந்தியது. விழுந்தவனுக்கு அம்புலன்ஸ் கூப்பிட்டதே இவர்தான் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அவர் சொன்னதே இல்லை. பக்கத்தின் பிரதியும் வழக்கைக் கைவிட்ட கடிதமும் அதிகாரசபைக்குப் போயின. கோயில் கடிதத்தையும் அடியில் வைத்தோம், அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக.

வைகாசியில் இடைநிறுத்தம் நீங்கியது. அன்று தேத்தண்ணி கேட்டார், சீனி கூடப் போட்டு. முதல் வேலையாக முகவரியைத் திருத்திவிட்டதாகப் பெருமையாகச் சொல்லி, "உங்கட ட்ரைவிங் லைசன்ஸைக் காட்டுங்கோ பாப்பம்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். நான் ஹரோவை விட்டு வந்து நாலு வருடம். அட்டையில் இன்னும் ஹரோ வீடுதான் இருந்தது.