கேட்டவுடன் திறக்கும் கதவு

1988 நவம்பர் 2. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் திணறத் தொடங்கின. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் அவிழ்த்துவிட்ட ஒரு புரோகிராம், இயந்திரம் விட்டு இயந்திரம் தாவிக்கொண்டிருந்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று ‘ஃபிங்கர்’. ‘இந்தக் கம்ப்யூட்டரில் இப்போது யார் வேலை செய்கிறார்கள்?’ என்று வெளியிலிருந்து விசாரிக்க உதவும் சாதுவான சேவை. வரும் கேள்வியை வாங்கி வைக்க அது ஒதுக்கியிருந்த இடம் 512 பைட். மோரிஸின் புரோகிராம் அனுப்பியதோ 536. வழிந்த 24 பைட்டுகளே கதவைத் திறந்துவிட்டன. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். 1990-ல் மோரிஸுக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம்.

பிழை ஃபிங்கருடையது. ஆனால் கேட்டவருக்கெல்லாம் ஃபிங்கரை எழுப்பிவிட்டது வேறொன்று. அதன் பெயர் ‘ஐநெட்-டி’.

மெமரி விலை உச்சத்தில் இருந்த நாட்களில், ஃபைல் அனுப்ப ஒன்று, டெல்நெட்டுக்கு ஒன்று என ஒவ்வொரு சேவையும் நாள் முழுக்க விழித்திருப்பது வீண் செலவு. எனவே 1986-ல் வந்த 4.3 பி.எஸ்.டி. யூனிக்ஸில் எல்லா வாசல்களுக்கும் சேர்த்து ஒரே வாட்ச்மேனாக ஐநெட்-டி நியமிக்கப்பட்டது. 21-ம் எண் வாசலில் தட்டினால் எஃப்.டி.பி., 23-ல் டெல்நெட், 79-ல் ஃபிங்கர். தட்டியதும் எழுப்புவார்; வேலை முடிந்ததும் அந்தச் சேவை தூங்கப் போய்விடும். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் தட்டுவது யார் என்று விசாரிக்கும் வழக்கம் இந்த வாட்ச்மேனுக்கு இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஹாலந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீட்ஸே வெனிமா. அங்கே ஊடுருவிய ஒரு ஆசாமி, போகும்போது டிஸ்க்கையே துடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார், தடயம் மிஞ்சவில்லை. 1990-ல் வெனிமா எழுதிய ‘டி.சி.பி. ராப்பர்’, ஐநெட்-டிக்கும் சேவைக்கும் நடுவில் நின்றது. வந்தவரின் முகவரியைக் குறித்துக்கொண்டு, அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே உள்ளே விட்டது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ராப்பர் முதலில் ‘ஹோஸ்ட்ஸ்.அலௌ’ என்ற அனுமதிப் பட்டியலைப் பார்க்கும். பெயர் இருந்தால் உள்ளே விடும். இல்லையென்றால் ‘ஹோஸ்ட்ஸ்.டினை’ என்ற மறுப்புப் பட்டியல். அதில் இருந்தால் விரட்டும். இரண்டிலும் இல்லாதவர்? தாராளமாக உள்ளே வரலாம்! அனுமதிப் பட்டியலை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய நிர்வாகி, உண்மையில் எவரையுமே தடுக்கவில்லை. மறுப்புப் பட்டியலில் ‘ஆல்: ஆல்’ என்று ஒரு வரி சேர்த்தால்தான் பூட்டு விழும்.

அதைவிட முக்கியம், வாட்ச்மேனின் பட்டியலையே குறைப்பது. ஐநெட்-டியின் கான்ஃபிக் ஃபைலில் சேவைக்கு ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் ‘#’ போட்டால் அந்த வாசல் மூடப்படும். ஆனால் ஃபைலைத் திருத்தினால் மட்டும் போதாது. மீண்டும் படிக்கும்படி ஐநெட்-டிக்கு ‘ஹப்’ சிக்னல் அனுப்ப வேண்டும். அதுவரை அது பழைய பட்டியல்படியே வேலை செய்யும்.

எந்த வரியை மூடுவது? தேவை என்று காரணம் சொல்ல முடியாத ஒவ்வொன்றையும். வந்ததைத் திருப்பி அனுப்பும் ‘எக்கோ’, எழுத்துகளைக் கொட்டிக்கொண்டேயிருக்கும் ‘சார்ஜென்’ இரண்டும் வெறும் சோதனைச் சேவைகள். பொய் முகவரியிட்ட ஒரே ஒரு பாக்கெட்டால் இவ்விரண்டையும் ஓயாமல் பேசவைத்து நெட்வொர்க்கையே திணறடிக்கலாம் என்று அமெரிக்காவின் ‘செர்ட்’ அமைப்பு 1996-ல் எச்சரித்தது. பாஸ்வேர்டை அப்பட்டமாக அனுப்பும் டெல்நெட்டுக்கு மாற்றாக 1995-லேயே எஸ்.எஸ்.ஹெச். வந்துவிட்டது.

திறந்தே தீர வேண்டிய வாசலுக்கும் வழி இருக்கிறது. அந்தச் சேவை எந்த யூசரின் அதிகாரத்தில் ஓட வேண்டும் என்பதையும் அதே வரி சொல்கிறது. சர்வ அதிகாரம் படைத்த ‘ரூட்’டுக்குப் பதில் சாதாரண யூசரைக் குறித்தால், உடைந்தாலும் சேதம் அந்த அறையோடு நிற்க வாய்ப்புண்டு. பின்னர் வந்த ‘எக்ஸ்ஐநெட்-டி’, ஒரே நேரத்தில் எத்தனை பேர், எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில் என்று வரம்பு வைக்கவும் வழி செய்தது.

வாட்ச்மேன் மாறினாலும் வேலை மாறவில்லை. இன்றைய லினக்ஸ்களில் பெரும்பாலானவற்றில் தட்டினால் எழுப்பும் பொறுப்பு 2010-ல் அறிமுகமான ‘சிஸ்டம்-டி’யிடம் இருக்கிறது. ‘சாக்கெட்’ வாசலைக் காக்கிறது. ‘சர்வீஸ்’ உள்ளே வேலை செய்கிறது. சர்வீஸை நிறுத்திவிட்டு சாக்கெட்டை மறந்தால், அடுத்த தட்டலுக்கு அது மறுபடி எழுந்துவிடும். இரண்டையும் மூட வேண்டும். உள்ளூர் உபயோகத்துக்கு மட்டுமான சேவை என்றால், 127.0.0.1 என்ற சொந்த முகவரியில் மட்டும் கேட்கச் செய்யலாம்.

பழைய பூட்டுகளை நம்புவதும் ஆபத்து. ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். 2014-ல் ராப்பருக்கான ஆதரவைக் கைவிட்டது. 2019-ல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-லிருந்து ராப்பரே நீக்கப்பட்டது. அத்தகைய சர்வருக்கு மாறிய பிறகும் மறுப்புப் பட்டியல் ஃபைல் பத்திரமாக இருக்கலாம். படிக்கத்தான் ஆளில்லை. அந்த வேலையை இப்போது ஃபயர்வால் செய்ய வேண்டும்.

ஆகவே ஃபைலில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. ‘எஸ்எஸ்’ என்ற கட்டளை எந்தெந்த வாசல்களில் காது விழித்திருக்கிறது என்று காட்டிவிடும். பிறகு வெளியே இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து தானே தட்டிப் பார்க்க வேண்டும். திறக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்பவர் நிர்வாகியாக இருப்பது நல்லது.