சந்தேகத்துக்கு 90 யூரோ

பிரான்ஸ் விசா கிடைக்கலைன்னு யாராவது புலம்பினா நம்மாளுங்க கையில ஒரு பதில் ரெடியா இருக்கும். "அவன் நாடு, அவன் இஷ்டம். உன்னை வெத்தலை பாக்கு வச்சு அழைச்சானா?" சரிங்க, யாரை உள்ள விடறதுங்கிறது அவங்க உரிமைதான். என் சண்டை அதுக்கில்லை. வாங்கற காசுக்கும் சொல்லாத காரணத்துக்கும்தான்.

பாரிஸ்ல வேலை பார்க்கற பொண்ணுக்குப் பிரசவம், புதுச்சேரியில இருந்து அம்மா துணைக்குப் போகணும்னு வச்சுக்குவோம். பொண்ணு வீட்டுல தங்கப் போறதால, முதல்ல பொண்ணு அந்த ஊர் மேயர் ஆபீஸ்ல அழைப்புச் சான்றிதழ் வாங்கணும். வீடு எவ்வளவு பெருசு, வருமானம் என்னன்னு எல்லாம் பார்ப்பாங்க. அதுக்கு 30 யூரோ ஸ்டாம்ப். மேயர் முடியாதுன்னாலும் அது போனது போனதுதான்.

அடுத்து அம்மா. குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, பேங்க் கணக்கு, கைரேகை. விசா கட்டணம் 2020 பிப்ரவரி வரைக்கும் 60 யூரோ, அப்புறம் 80, 2024 ஜூன்ல இருந்து 90. மனு வாங்கி அனுப்பற தனியார் கம்பெனிக்கு சர்வீஸ் சார்ஜ் தனி.

இவ்வளவும் கட்டின பிறகு மறுத்தா வர்றது ஒரு அச்சடிச்ச ஃபாரம். அதுல ஒரு கட்டத்துல டிக். 'விசா முடியறதுக்குள்ள நீங்க திரும்பிப் போவீங்களாங்கிறதுல நியாயமான சந்தேகம் இருக்கு'ன்னு ஒரு கட்டம் உண்டு பாருங்க, அதுதான் பெரிய கொடுமை. இன்னும் நடக்காத ஒண்ணை எப்படிங்க நிரூபிக்கறது? வீட்டுப் பத்திரம் வச்சாச்சு, பென்ஷன் புத்தகம் வச்சாச்சு. இதுல எது போதலைன்னு அந்த டிக் சொல்லுமா? நாந்த் நகரத்துக்கு அப்பீல் எழுதலாம்தான். பதில் வர்றதுக்குள்ள பேரன் குப்புறக் கவுந்து தவழ ஆரம்பிச்சிருப்பான்.

"கட்டணம் பரிசீலனைக்குத்தான், விசாவுக்கு இல்லை"ம்பாங்க. இருக்கட்டும். பரீட்சைக்கு ஃபீஸ் கட்டினா ஃபெயிலானாலும் மார்க் ஷீட்டாவது தர்றாங்களே சாமி!

போனவங்க சில பேர் அங்கேயே தங்கிடறாங்க, உண்மைதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் 2025 அக்டோபர் 12-ல இருந்து எல்லையில வரவையும் போக்கையும் கம்ப்யூட்டர்ல பதிய ஆரம்பிச்சாங்க. ஒழுங்கா போய் வந்த இந்தியர்களுக்குச் சலுகையும் இருக்கு. மூணு வருஷத்துல ரெண்டு விசா முறையா பயன்படுத்தியிருந்தா, அடுத்து ரெண்டு வருஷ விசா தரலாம்னு 2024 ஏப்ரல்ல விதி வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா முதல் தடவையே கதவைச் சாத்தினா அந்தம்மா எந்தக் காலத்துல 'ஒழுங்கா போய் வந்தவங்க' ஆகறது?

பிரெஞ்சுக்காரர் நம்மூரைச் சுத்திப் பார்க்க வீட்டுல உட்கார்ந்தே இ-விசா போடறார். அவருக்கு மறுத்தா நாமளும் காசைத் திருப்பறதில்லை. அதுவும் தப்புதான், நம்ம தப்புங்கறதால அது நியாயமாயிடாது.

நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. மறுக்கறீங்களா, எந்தக் காகிதம் ஏன் போதலைன்னு நாலு வரி எழுதுங்க. அது முடியலைன்னா 90 யூரோவைத் திருப்பிக் கொடுங்க. சந்தேகம் உங்களுது, அதுக்கு அந்தம்மா ஏன் காசு கட்டணும்?

"அவன் நாடு, அவன் இஷ்டம்" கோஷ்டி பின்னூட்டத்துக்கு வாங்க, பேசுவோம்.