கறுப்புக்குத்தான் பயம், வெயிலுக்கில்லை

"வெயிலுக்க திரியாத, கறுத்துப் போவாய்." எங்கட வீடுகளில் வெயிலைப் பற்றிச் சொல்லப்படுகிற ஒரேயொரு அறிவுரை இதுதான். அதுவும் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். தம்பிமார் மத்தியானம் முழுக்க கிறிக்கெற் விளையாடி மூக்குத்தோல் உரிஞ்சு வந்தாலும் ஒருத்தரும் கேட்பதில்லை.

இந்த அறிவுரையோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. வெயில் பட்டால் தோல் மெலனினைக் கூட்டித் தன்னைக் காக்கப் பார்க்கிறது. கறுக்கிறோம் என்றால் அந்த வேலை நடக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் அது ஓரளவுக்குத்தான் தாங்கும். கறுப்புத் தோலும் எரியும், சுருங்கும், திட்டு விழும். கண்புரை வருவதற்கும் அதே புற ஊதாக் கதிர்கள் ஒரு காரணம். இதையெல்லாம் எந்த மாமியும் சொல்லித் தந்ததில்லை. பதிலாக, லேபல் கூட ஒழுங்காக இல்லாத ஒரு வெள்ளையாக்கும் கிறீமைக் கையில் தருகிறார்கள். இப்படியான சில கிறீம்களில் பாதரசம் இருக்கிறது. அது மெலனின் உருவாவதைத் தடுக்கும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும். காவலுக்கு நிற்பவனைக் கலைத்துவிட்டு வெயிலில் இறங்குகிற கதைதான்.

அதற்காக வெயிலை விட்டுவிடச் சொல்லவில்லை. காரைநகர் கசூரினாவில் காலமை கடலில் கிடப்பதை நாங்கள் எதற்காகவும் விடமாட்டோம். உங்கட நிழலைப் பாருங்கோ. அது உங்களை விடக் கட்டையாக இருந்தால் ஒதுங்குகிற நேரம். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது, அப்போது மத்தியானத்தில் நிழலே காலுக்குள் போய்விடும்.

சன்ஸ்கிறீன் நல்லதுதான். எஸ்பிஎஃப் 30, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பப் பூச வேண்டும். விலையைப் பார்த்தால் கம்பஸ் பிள்ளைகளுக்குக் கட்டாது. தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிற அம்மாமாரைப் பாருங்கோ: சீலைக்கு மேல் பழைய முழுக்கைச் சேட், தலையில் துவாய். அவர்களைப் பார்த்துச் சிரித்த நாங்கள்தான் இப்ப வெட்கப்பட வேண்டும்.

ஆனால் சேட்டும் தொப்பியும் மட்டும் போதுமா? கூரையில்லாத பஸ் தரிப்பிடத்தில் முக்கால் மணித்தியாலம் நிற்பவருக்கு என்ன சொல்வது? இல்லப் போட்டிக்குப் பத்து மணி வெயிலில் அணிநடை பழகுகிற பிள்ளைக்கு? நாங்களும் அப்படி நின்று மயங்கி விழுந்தவர்கள்தான். அடுத்த தவணை தொடங்க முதல், படித்த பள்ளிக்கூடங்களுக்குப் போய் அந்தப் பழக்கத்தைக் காலமை ஏழு மணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறோம். வாறாக்கள் வாங்கோ. குடையும் கொண்டு வாங்கோ.