முதல் செமஸ்டரின் கடைசி பெஞ்ச்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் பொறியியல் படிப்புக்கும் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. மனதார வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் சேர்த்துவிட்டதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்து, வகையிடலும் தொகையிடலும் தண்ணீர்பட்ட பாடாக இருந்த பெண், முதல் செமஸ்டர் கணக்கு வகுப்பில் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறாள். பேராசிரியர் சொல்லும் ஆங்கிலச் சொற்களைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்கிறாள். ராத்திரி விடுதியில் செல்போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுகிறாள். கை தூக்கிச் சந்தேகம் கேட்கத் தைரியம் வரவில்லை. முதல் தேர்விலேயே இரண்டு அரியர் விழுந்தால், இந்தப் படிப்பு நமக்கு ஆகாது என்று ஊர் திரும்பும் நினைப்பு வந்துவிடும். பெயருக்குச் சில நாள் நடத்தும் அறிமுக வகுப்புகள் இதற்குப் போதவே போதாது. முதல் செமஸ்டர் முழுக்க, மாலையில் ஒரு மணி நேரம், தமிழிலும் விளக்கிச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் இவர்களோடு உட்கார வேண்டும்; அதே வழியில் வந்த சீனியர்களும் கூட இருந்தால் இன்னும் நல்லது. பெரிய செலவொன்றும் ஆகாது. அடுத்த சேர்க்கைக்கு முன்பே கல்லூரிகள் இதைக் கால அட்டவணையில் சேர்க்கட்டும்.