மழையில் வேனை எங்கே நிறுத்துவது?

கார்த்திகை பிறந்துவிட்டால் திண்டிவனத்தைக் கடக்கும் வேன்களின் கூரையைப் பார்த்தாலே போதும், யார் எங்கே போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். தார்ப்பாய் போர்த்திய அண்டாக்கள், உள்ளே இருக்கைக்கு அடியில் கேஸ் அடுப்பு, பின்பக்கம் அரிசி மூட்டை. கறுப்பு உடையில் சபரிமலைக்காரர்கள், சிவப்பு உடையில் மேல்மருவத்தூர்க்காரர்கள். செஞ்சி சாலையில் திரும்பும் வேன் என்றால் அது திருவண்ணாமலை தீபத்துக்கு. வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படும் இந்தப் பயணங்கள் வடகிழக்குப் பருவமழையின் மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கின்றன. மழை வலுத்தால் பெட்ரோல் பங்க் ஓரத்திலோ பூட்டிய கடையின் தாழ்வாரத்திலோ ஒதுங்கி நின்றபடியே புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடிக்கிறார்கள். கூட வந்த பெண்கள் கழிப்பறை தேடி அலைகிறார்கள்.

இந்த வேன்களும் ஒருவகைக் கேரவன்கள்தான். ஆனால் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே அறிவித்தது. வாகமண்ணில் கேரவன் பூங்காவும் வந்தது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றிருக்கிறது. நல்லது. ஆனால் குளிர்சாதனப் படுக்கை கொண்ட சொகுசு வண்டிகளுக்கு முன்னால், ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண வேன்களுக்கு ராத்தங்க ஓர் இடம் வேண்டும். அதைத் தொடங்கத் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள சுமார் 40 கிலோமீட்டரை அரை மணி நேரத்தில் தாண்டிவிடுகிறார்கள். நான்குவழிச் சாலையிலிருந்து இறங்காதவர்களுக்கு இது வெறும் சுங்கச்சாவடியும் உணவகங்களும்தான். இறங்கினால் ஆற்று நாடு. செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணியை மழைக்காலத்தில்தான் பார்க்க வேண்டும். கோடையில் மணலாகக் கிடக்கும் அந்த ஆறு, ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்தால் செம்மண் கரைத்து ஓடத் தொடங்கிவிடும். 2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பிடித்த ஒரே கோட்டை செஞ்சி. அந்தக் கோட்டையின் ராஜகிரிக் குன்றுப் பாறைகளில் மழைநீர் வழிந்திறங்கும் நாட்களில் மேலே ஏறுவது ஆபத்து. கீழே களஞ்சியத்தையும் கல்யாண மகாலையும் சுற்றிப் பார்க்கவே ஒரு பகல் போய்விடும். அன்றிரவு வேனை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்குத்தான் செஞ்சியில் பதில் இல்லை.

சங்கராபரணியோடு இறங்கினால் வீடூர் அணை. 1959இல் கட்டப்பட்டது, முழு நீர்மட்டம் 32 அடி. அது நிரம்பினால் கீழே புதுச்சேரி எல்லை வரை கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகும். அணைக்குக் கீழே, அதே ஆற்றின் பக்கத்தில் திருவக்கரை. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இந்த இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கிறது. மழையில் நனைந்த கல்மரத்தில் மரத்தின் ரேகைகள் வெயில் நாளைவிடத் துலக்கமாகத் தெரியும். பௌர்ணமிக்கு அங்குள்ள வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தக் கல்மரப் பூங்காவுக்குள் நுழைகிறார்கள்? விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் குகைக் கோயிலும் பயணத் திட்டங்களில் அபூர்வமாகத்தான் தென்படுகிறது. கிழக்கே போனால் கழுவேலி. 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த இந்த உப்பங்கழிக்கு வலசைப் பறவைகள் வருவதும் இதே பருவத்தில்தான்.

தென்பெண்ணையின் கதை இன்னும் நீளமானது. அது பிறக்கும் கர்நாடகத்து நந்தி மலையின் அடிவாரம் திராட்சை நாடு. தொட்டபள்ளாபூரில் குரோவர் நிறுவனத்தின் ஒயின் தோட்டம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் விளையும் பெங்களூர் நீலத் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. திராட்சையை வைத்தே சுற்றுலாவை வளர்க்கலாம் என்பதற்கு மகாராஷ்டிரம் உதாரணம். 2001இல் அது ஒயினுக்கென்று கொள்கை வகுத்தது. இன்று நாசிக்கில் கோதாவரிக் கரைத் தோட்டங்களுக்கு வருகிறவர்கள் கொடிகளுக்கு நடுவிலேயே தங்குகிறார்கள்.

அதே தென்பெண்ணை கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாக விழுப்புரத்துக்குத் தெற்கே வரும்போது கரையில் திராட்சை கிடையாது. கரும்பு, நெல், பனை. மாவட்டத்தில் பூரிகுடிசை, நரசிங்கனூர் ஊர்களின் பனைத்தொழிலாளர்கள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுகிறவர்கள். மழைக்காலத்தில் பதநீர் கேட்டால் கிடைக்காது. பாளை சீவும் பருவம் தை, மாசியில் தொடங்கி ஆடியோடு முடிந்துவிடும், ஈர மரத்தில் ஏறுவதும் உயிருக்கு ஆபத்து. கோடையில் காய்ச்சிய வெல்லம்தான் அப்போது கைவசம் இருக்கும். புரட்டாசியில் பாத்தி கட்டிப் புதைத்த பனங்கொட்டை பொங்கலுக்குள் கிழங்காகும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. அதை நீக்கலாமா என்பது தனி வழக்கு. வெல்லத்துக்கும் கிழங்குக்கும் சுக்குக் காபிக்கும் தடை இல்லை. ராத்திரி தங்கும் வேனுக்குப் பக்கத்தில் ஒரு கடை போட்டுக் கொடுத்தால், வருமானமே இல்லாத மாதங்களில் அந்தக் குடும்பங்களுக்குக் கையில் காசு புரளும்.

மழையின் மறுபக்கத்தை மறைப்பது பாவம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. அரசூரில் நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டி அருகே ரயில்களும் நின்றன. அதற்கு முன்பே 2021 நவம்பர் வெள்ளத்தில் அதே ஆற்றின் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு உடைந்திருந்தது. ஆற்றுப் படுகையில் வேனை நிறுத்தித் தூங்குகிறவர்களுக்கு அணை திறந்த செய்தி யார் மூலம் போய்ச் சேரும்? இடம் ஒதுக்காமல் விட்டால் கண்ட இடத்தில்தான் நிறுத்துவார்கள். ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டில், ஆள் இருக்கும் தங்குமிடம் அமைத்தால் நள்ளிரவிலும் எழுப்பி அனுப்பலாம்.

கேட்பது பெரிய செலவும் இல்லை. செஞ்சிக் கோட்டைக்கு வெளியே ஒன்று, வீடூரில் கரைக்கு அப்பால் ஒன்று, திருவக்கரையில் ஒன்று, விழுப்புரம் புறவழிச் சாலையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிடத் தகரக் கூரை, அடுப்பு மூட்டத் தரை, தாழ்ப்பாள் உள்ள பெண்கள் கழிப்பறை, குடிநீர், மின்விளக்கு, இரவுக் காவலர். பராமரிப்பைப் பக்கத்து ஊராட்சியின் மகளிர் குழுவிடம் விட்டு, வேனுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கலாம். சுற்றுலாத் துறையும் நீர்வளத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், அடுத்த தீபத்துக்குள் முதல் இடத்தையாவது திறந்துவிட முடியும்.