ஒரே இலாபம், மூன்று சட்டை

ஒரு பட்டறை. ஆண்டுக்கு 50 இலட்சம் ரூபாய் இலாபம். இதற்கு வருமான வரி எவ்வளவு என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூட்டிப் பெருக்கி ஒரு தொகையைச் சொல்லிவிடும். ஆடிட்டர் சொல்லமாட்டார். "பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது சூட்சுமம், தோழர்களே!

"முதலாளி வீட்டு வரிக்கணக்கு நமக்கெதற்கு? நம் கூலிக்கு வருமான வரியா கட்டுகிறோம்?" என்று கேட்கத் தோன்றும். கட்டவில்லை, உண்மைதான். ஆண்டுக்கு 12 இலட்சம் வரை சம்பாதிப்பவருக்கு வரியில்லை என்று 2025 வரவு செலவுத் திட்டத்திலே அறிவித்தார்கள். நம்மில் எத்தனை பேர் அந்த எல்லையை எட்டிப் பார்த்திருக்கிறோம்! நாம் கட்டுவதெல்லாம் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் விலையோடு சேர்த்துப் பிடுங்கப்படும் ஜி.எஸ்.டி. ஆனால், தீபாவளிக்கு முன்னே போனஸ் பேச உட்காரும்போது மேசைமேல் வைக்கப்படுகிற கணக்கு, அந்த ஆடிட்டர் எழுதிய கணக்குத்தானே? அதைப் படிக்கத் தெரியாமல் எதிரே உட்கார்ந்து என்ன பயன்?

கணக்கைப் பார்ப்போம். 2025 திட்டம் வகுத்த விகிதங்களே அளவுகோல்.

முதல் சட்டை, ஒற்றை முதலாளி, புரொப்ரைட்டர். கடைக்கும் அவருக்கும் சட்டத்தின் கண்ணிலே வேற்றுமை கிடையாது. 4 இலட்சத்துக்கு மேல் 5 சதவீதம், பிறகு 10, 15 என்று படிப்படியாக ஏறி, 24 இலட்சத்துக்கு மேல் 30 சதவீதம். 50 இலட்சத்துக்கு, 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து, 11 இலட்சத்து 23 ஆயிரத்து 200 ரூபாய். நேரான கணக்கு. தெருமுனைக் கடைக்காரரும் இந்தச் சட்டைக்காரர்தான். அவர்மீது நமக்கு வழக்கில்லை.

இரண்டாவது, அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் பார்ட்னர்ஷிப். எல்.எல்.பி. என்று பலகை மாட்டியவர்களுக்கும் வரி விகிதம் இதுவே. இங்கே படிக்கட்டு கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். 15 இலட்சத்து 60 ஆயிரம்! ஐயோ பாவம் என்று இரங்கத் தோன்றுகிறதா? இரக்கத்தைச் சற்று நிறுத்தி வையுங்கள். வேலை பார்க்கும் பங்காளி, தனக்குத் தானே சம்பளம் எழுதிக்கொள்ளலாம். இலாபத்தில் முதல் 6 இலட்சத்துக்கு 90 சதவீதம், மிச்சத்துக்கு 60 சதவீதம் வரை சட்டம் அனுமதிக்கிறது. நம் பட்டறைக்கு அது 31 இலட்சத்து 80 ஆயிரம். அண்ணனும் தம்பியும் அதைப் பாதிப்பாதி எடுத்துக்கொண்டு அவரவர் படிக்கட்டில் வரி கட்ட, எஞ்சிய 18 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மட்டுமே 30 சதவீதம். ஆக மொத்தம் 8 இலட்சத்து 14 ஆயிரம் சொச்சம். எஞ்சிய இலாபத்தைப் பிரித்துக்கொள்ளும்போது மறுபடி வரியும் இல்லை.

மூன்றாவதுதான் பட்டுச் சட்டை: பிரைவேட் லிமிடெட். கம்பெனிக்கு வரி 22 சதவீதம்; மேல்வரியும் செஸ்ஸும் சேர 25.17. அதாவது 12 இலட்சத்து 58 ஆயிரம். மிச்சத்தை டிவிடெண்டாகச் சகோதரர்கள் எடுத்தால், அவர்கள் கையிலும் வரி. மொத்தம் 16 இலட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டிவிடும். "ஒரே இலாபத்துக்கு இரட்டை வரியா?" என்று முதலாளிமார் சங்கங்கள் முறையிடுவது இதைச் சொல்லித்தான். முறையீட்டில் நியாயமே இல்லையென்று நான் சொல்லவில்லை. டிவிடெண்டு எடுத்தால்தானே அந்தத் தொல்லை?

எடுக்காமல் என்ன செய்வார்கள்? சகோதரர்கள் இருவரும் டைரக்டர்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 12 இலட்சத்து 75 ஆயிரம் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு 75 ஆயிரம் கழிவு உண்டல்லவா? அதைக் கழித்தால் சரியாக 12 இலட்சம், வரி, பூஜ்யம்! இருபத்தைந்தரை இலட்சம் கம்பெனியின் செலவாக எழுதப்படுகிறது. மிச்சம் இருபத்து நான்கரை இலட்சத்துக்குக் கம்பெனி கட்டுவது 6 இலட்சத்து 16 ஆயிரம் சொச்சம். அவ்வளவுதான் மொத்த வரியும். பதினாறு இலட்சம் ஆறு இலட்சமாகச் சுருங்கிய விந்தையைப் பார்த்தீர்களா? (தகுதியில்லாத மனைவியை டைரக்டராக்கிச் சம்பளம் கொடுத்தால் அது கணவன் வருமானத்தோடு சேர்க்கப்படும். தம்பிக்கு அந்தத் தடை இல்லை.)

இதெல்லாம் திருட்டா? அல்ல. சட்டமே திறந்துவைத்த வாசல். திறந்தது யார் என்பதுதான் கேள்வி. பெரிய கம்பெனிகளுக்கு 30 சதவீதமாக இருந்த வரியை 2019 செப்டம்பரில் 22 ஆக்கினார்கள். அதனால் ஆண்டுக்கு 1 இலட்சத்து 45 ஆயிரம் கோடி வருவாய் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். நாலு பேர் கூடி நடத்தும் பார்ட்னர்ஷிப்புக்கு அந்தக் குறைப்பு இல்லை. அது இன்றும் 30. ஒற்றை முதலாளியின் வருமானம் 2 கோடியைத் தாண்டினால், தாண்டியதற்கு வரி 39 சதவீதம். ஆயிரம் கோடி இலாபம் பார்க்கிற கம்பெனிக்கு அதே 25.17! விளைவு? 2023-24-ல் கம்பெனிகள் கட்டிய வரி சுமார் 9 இலட்சம் கோடி. தனிமனிதர்கள் கட்டியது 10 இலட்சம் கோடிக்கும் மேல்.

இனி நம் மேசைக்கு வருவோம். போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 20 சதவீதத்துக்கு மேல் போகாது. இடையில் எங்கே நிற்கும் என்பதை இலாபம் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன கம்பெனியின் தாள் 50 இலட்சம் என்றா பேசும்? இருபத்து நான்கரை என்று பேசும். "டைரக்டர் சம்பளம் எவ்வளவு? போன ஆண்டு எவ்வளவு?" என்று கேட்கிற சங்கத்துக்கும், கடைசி வரியை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடுகிற சங்கத்துக்கும் வேற்றுமை அங்கே தெரியும்.

பட்டறை நொடித்தால் சட்டை இன்னும் முக்கியம். பார்ட்னர்ஷிப்பின் கடனுக்குப் பங்காளியின் வீடும் வயலும் பதில் சொல்லவேண்டும். கூலி நிலுவையும் கடன்தான். கம்பெனியோ சட்டப்படி தனி ஆள். லண்டனில் பூட்ஸ் செய்து விற்ற சாலமன் என்பவர், தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு விற்றார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை, மற்ற ஆறும் மனைவி மக்களுடையவை. தொழில் நொடித்து வழக்கு வந்தபோது, கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று 1896-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் அதே நெறிதான். டைரக்டரின் பங்களா பக்கம் பொதுவாகப் போகமுடியாது. கம்பெனியைக் கலைக்கும்போது, நடைமுறைச் செலவு போக, தொழிலாளியின் 24 மாத நிலுவைக்கு அடமானக் கடன்காரரோடு சமவரிசை என்று 2016 திவால் சட்டம் சொல்கிறது. அதற்குமேல் உள்ள நிலுவை பின்வரிசையில் நிற்கும்.

கம்பெனிச் சட்டையில் நமக்கு ஒரு சௌகரியமும் உண்டு. பார்ட்னர்ஷிப் கணக்கு ஆடிட்டர் அலமாரியில் பூட்டிக்கிடக்கும். கம்பெனி ஆண்டுதோறும் பதிவாளரிடம் தாக்கல் செய்கிற கணக்கையோ, சிறு கட்டணம் கட்டி எவரும் பார்க்கலாம். பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கத் தோழர்கள், அந்தக் கட்டணத்தை ஒரு வாரம் முன்பே கட்டிவிட்டுப் போகட்டும்.